திறக்கக்கூடாத பீப்பாய்

மூடியிருக்கும் எதையும் திறந்து காட்டாவிட்டால் தூக்கம் வராத ஓர் இனம் நம்மிடையே உண்டு. ஏன் திறக்கக்கூடாது என்று விளக்கிக்கொண்டே திறப்பதுதான் அதன் அடையாளம். சிதம்பரத்தில் ஓர் ஆய்வுக்கூடத்துக்குத் தலைவராக இருந்த சக்கரபாணி அந்த இனத்தின் அசல் வித்து.

தென்துருவக் கடலின் ஆழத்தில் அள்ளிச் சீல் வைத்த நீர், ஒரு பீப்பாயில் அவரிடம் வந்து சேர்ந்தது. எழுதி எழுதிக் கேட்டு வாங்கியவள் அவருடைய ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சி செய்த கடலூர்ப் பெண் குணசுந்தரி. அவளுடைய டாக்டர் பட்டமே அந்தப் பீப்பாய்க்குள்தான் இருந்தது. அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கதிரியக்கக் கார்பன் பெருகியிருந்த காலம். கடலின் மேல்நீர் அதை உறிஞ்சிக்கொள்ளும். துருவக் குளிரில் கனத்து எப்போதோ அடியில் இறங்கிவிட்ட நீரில் பழைய கார்பன்தான் இருக்கும். அளந்து பார்த்தால், அந்த நீர் கடைசியாகக் காற்றைத் தொட்டது எப்போது, கடல் எவ்வளவு வேகத்தில் மேல்கீழாகப் புரள்கிறது என்று சொல்லிவிடலாம். அளக்கும் கருவி பம்பாயில்தான் இருந்தது; அங்கே போய்ச் சேரும்வரை காற்றுப் படக்கூடாது. அவ்வளவுதான்.

சக்கரபாணிக்கு இது தெரியாதா? புவனகிரியில் ரைஸ்மில் வைத்திருந்த மச்சான் கலியமூர்த்திக்கு அவரே விளக்கினாரே!

“காத்தப் பாத்து எத்தினியோ காலமான தண்ணி, மச்சான். காத்துப் பட்டுச்சு, போச்சு!” என்றபடி ஸ்பானரைப் போட்டுத் திருகினார்.

“சார், தொறக்காதீங்க சார்!” குணசுந்தரி ஓடிவந்தாள்.

“நான் எங்கம்மா தொறந்தேன்? மோந்து பாக்குறாரு, அவ்ளோதான்.”

கலியமூர்த்தி குனிந்து மோந்தார். “என்னா மாமா, நம்ம தேவனாம்பட்டணத்துக் கடல்தண்ணி மாதிரிதான கீது. இதுக்கா இம்மாம் ஆர்ப்பாட்டம்?”

பிறகு வக்கீல் வந்தார், வக்கீலுக்குத் தெரிந்த டாக்டர் வந்தார், கோயிலுக்கு வந்த தாசில்தார் குடும்பத்தோடு எட்டிப்பார்த்தார், அவருடைய மாமியார் விரலை முக்கி நக்கிவிட்டு, “உப்பு ஜாஸ்தி” என்று தீர்ப்பும் சொன்னார். ஒவ்வொரு முறையும் விளக்கம். ஒவ்வொரு முறையும் ஸ்பானர்.

பம்பாயிலிருந்து முடிவு வந்தது: இந்த நீர் மிக அண்மையில் காற்றோடு கலந்திருக்கிறது.

சக்கரபாணி துள்ளிக் குதித்தார். “பாத்தியாம்மா! துருவக் கடல் இவ்ளோ வேகமா பொரளுதுன்னு நாமதான் மொதல்ல கண்டுபுடிச்சிருக்கோம்!”

“அது கடல் பொரண்டது இல்ல சார். தாசில்தார் மாமியாரோட வெரலு.”

அவர் காதில் விழவில்லை. கடலூரில் கூட்டம் போட்டுப் பேசி மாலை வாங்கிக்கொண்டார். இன்னொரு பீப்பாய் அனுப்ப எந்தக் கப்பலும் இல்லை. குணசுந்தரி பட்டமில்லாமல் ஊர் திரும்பினாள்.

நீங்கள் அந்த இனமில்லை என்கிறீர்களா? சந்தோஷம். ஆனால் அந்தத் தண்ணீர் என்ன வாசனை அடித்திருக்கும் என்று நடுவில் ஒரு கணமாவது உங்களுக்குத் தோன்றியிருந்தால், தயவுசெய்து ஸ்பானர் பக்கம் போகாதீர்கள்.