குடிக்காமல் வைத்த காபி

மதிப்பிற்குரிய மிஜ்ஹிம் மாமாவுக்கு, அம்மான் நகரிலிருந்து உங்கள் அக்கா மகன் முஹன்னத் சலாம் சொல்லி எழுதுவது. இறைவன் கருணையால் இங்கே எல்லோரும் நலம். கரக் ஊரில் உங்கள் முழங்காலும் ஆடுகளும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

மாமா, நான் ஜெயித்துவிட்டேன்! வெள்ளிக்கிழமை எனக்குப் பெண் கேட்கப் போகும்போது, "பையன் புராஜெக்ட் மேனேஜர், வேலை நிரந்தரம்" என்று நீங்கள் தலைநிமிர்ந்து சொல்லலாம். பெண்ணின் அப்பா கேட்டது அது ஒன்றைத்தானே. அப்படி என்னதான் வேலை என்று நீங்களும் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். கம்பெனியின் கணினிகளை ஓர் அறையில் வைத்துப் பூட்டி, திருடன் புகாமல் பார்த்துக்கொள்வது, அவ்வளவுதான். ஒரு வருடம் உழைத்துக் கட்டிய பூட்டு தாங்குமா என்று பார்க்க, டைரக்டர் ருலா மேடம் வெளியிலிருந்து சினான் என்ற சோதனைக்காரனை அமர்த்தினார். இந்த வாரத்துக்குள் அவன் எங்கள் கணினிகளுக்குள் புகுந்துவிட்டால் என் நிரந்தரம் அம்பேல்.

கைரேகை, கார்டு, கேமரா, நாற்பது பக்க விதிமுறை என்று எல்லாம் செய்திருந்தேன். அந்த நாற்பது பக்கத்தில் காபியைப் பற்றி ஒரு வரி எழுதத் தோன்றவில்லை, என் புத்தியைச் சொல்ல வேண்டும். செவ்வாய்க்கிழமை சினான் டையும் சிரிப்புமாக வந்து காவலாளி அபூ துர்கியின் முன்னால் உட்கார்ந்தான். வந்தவனுக்குக் காபி ஊற்றாவிட்டால் அவருக்கு இருப்புக்கொள்ளாது, ஊற்றினார். அவன் குடிக்கவில்லை மாமா! பெண் கேட்கப் போன வீட்டில் சம்மதம் கிடைக்கும்வரை நீங்கள் செய்வீர்களே, அதேபோல் கோப்பையைக் கீழே வைத்துவிட்டான். "பெரியவரே, உங்ககிட்ட ஒண்ணு கேட்டு வந்திருக்கேன். தரேன்னு சொன்னாத்தான் குடிப்பேன்." அபூ துர்கி வம்சத்தில் அந்த வார்த்தைக்கு யாராவது மாட்டேன் என்றிருக்கிறார்களா? "குடிப்பா, குடி! கேட்டது உனக்குத்தான்!" என்றார். "அப்போ கம்ப்யூட்டர் ரூமைத் திறங்க." திறந்துவிட்டார்! மாடியில் கேமராவில் பார்த்துக்கொண்டிருந்த நான் மூன்று மூன்று படியாகத் தாவி ஓடினேன்.

போய்ப் பார்த்தால் அறையில் ஆளே இல்லை. "விருந்தாளி சாப்பிடாம வேலை பாக்குறதா? நல்லா இருக்கே கதை!" என்று அபூ துர்கி அவனைத் தன் அறைக்கு இழுத்துப் போய், பேரன் பிறந்ததற்காக வீட்டிலிருந்து வந்திருந்த மன்சஃப் கறிச்சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார வைத்திருந்தார். ஆட்டுக்கறியைப் பிய்த்துப் பிய்த்து அவன் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தார். கடைசியில் சினான் கண் கலங்கி, "சார், ஒயரை மாட்டத்தான் வந்தேன். இவர் உப்பைத் தின்னுட்டு எந்தக் கையால மாட்டுவேன்?" என்று பையை மூடிக்கொண்டு போய்விட்டான். அபூ துர்கியைக் கட்டிப்பிடித்து அழுதேன்.

இன்று காலை மெயில் வந்தது. "வாழ்த்துகள், தேறிவிட்டீர்கள். சான்றிதழ் பெற உங்கள் கடவுச்சொல்லை அடிக்கவும்." ஆனந்தக் கண்ணீரில் இரண்டு தடவை தப்பாக அடித்து, மூன்றாம் தடவை சரியாக அடித்தேன். சான்றிதழ் இறங்கிக்கொண்டே இருக்கிறது.

மாமிக்கு என் சலாம், பிள்ளைகளின் நெற்றிக்கு முத்தம். உங்கள் நிழல் எங்கள்மேல் நெடுங்காலம் நிற்கட்டும்.

இப்படிக்கு,
பாசமுள்ள முஹன்னத்

பின்குறிப்பு: இப்போதுதான் சினான் போன் செய்தான். அந்த மெயில் அவன் அனுப்பியதாம், நான் அடித்த கடவுச்சொல்லை வைத்து எங்கள் கணினிகளுக்குள் புகுந்துவிட்டானாம். "கோவிச்சுக்காதீங்க சார். உப்பு தின்ன இடத்துல நான் கை வைக்கல. எங்க ஆபீஸ்ல உக்காந்துதான் அனுப்பினேன்" என்கிறான். கட்டடத்தில் இப்படி மெயிலில் ஏமாற முடியாதவர் அபூ துர்கி ஒருவர்தான், அவருக்கு மெயிலே கிடையாது. என் நிரந்தரம் ஆறு மாதம் தள்ளிப்போய்விட்டது. ஆகவே வெள்ளிக்கிழமை பெண்ணின் அப்பா கேட்டால் வேலையைப் பற்றி மூச்சு விடாதீர்கள். "பையன் யாரையும் சட்டென்று நம்பிவிடுகிற நல்ல மனசுக்காரன்" என்று சொல்லுங்கள். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை மாமா.