கழுதைப் படை

"இன்னைக்கும் ஒழுங்கா தோத்துட்டு வா. மேனேஜர் மனசு நோகக் கூடாது," என்று ராணிப்பேட்டையிலிருந்து போனில் சொன்னாள் எழிலரசி.

நவநீதன் தலையை ஆட்டினான். போனில் தலையை ஆட்டினால் தெரியாது என்பதுகூட மறந்துபோகும் அளவுக்கு அலுப்பு.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் அவன் கட்டிங் சூப்பர்வைசர். மனைவி எழிலரசிக்கு வேலை ராணிப்பேட்டையில். அங்கேயும் கம்பெனிக்கு ஒரு கிளை இருந்தது. காரணம் எதுவும் எழுதாமல் மாற்றல் கேட்டிருந்தான், மேனேஜர் வக்கார் அகமது சரி என்று சொன்னால் போதும். அதற்காகத்தான் ஞாயிறுதோறும் அவர் வீட்டு மேஜையில் போர் விளையாடித் தோற்றுக்கொண்டிருந்தான். ஓய்வு என்று இருப்பதே அந்த ஒரு நாள்தான்.

தோல் துண்டுகளை வெட்டிச் செய்த படைகள். ஆளுக்குச் சமமான புள்ளிகள், அதற்குள் படை வாங்க வேண்டும். நடுவில் பாலாறு, அக்கரையில் ஒரு குன்று. கடைசிச் சுற்றில் குன்றின் மேல் யார் படை நிற்கிறதோ அவருக்கு வெற்றி.

"இன்னா படை எடுக்கறப்பா?" என்றார் வக்கார் அகமது.

"கழுதைங்க சார்."

"மூட்டை தூக்கறதா? அதுங்க சண்டையே போடாதே!"

"பரவால்ல சார்."

ஒரு குதிரையின் விலைக்குப் பத்துக் கழுதை கிடைக்கும் என்பதை அவன் யோசிக்கவில்லை. மேஜை முழுக்கக் கழுதையாக நின்றது.

சீக்கிரம் சாகட்டும் என்று அவற்றை அவர் பீரங்கிக்கு நேராக நகர்த்தினான்.

"கழுதை மேல போய் குண்டை வேஸ்ட் பண்ணுவனா?" வக்கார் அகமது வேறு பக்கம் சுட்டார்.

சரி, ஆற்றில் மாட்டிக்கொள்ளட்டும் என்று இறக்கினான்.

"பாலாத்துல தண்ணி ஏதுப்பா? தாராளமா தாண்டு."

குன்றின் மேல் அவருடைய குதிரைகள் நின்றன. நேராக அங்கே ஏற்றினால் மிதித்துவிடும் அல்லவா? ஏற்றினான். குதிரைகள் கீழே இறங்கி இடதுபக்கம் போய்விட்டன.

"சார், குதிரையைத் திருப்புங்க சார்!"

"என் குதிரை, என் இஷ்டம்."

கடைசிச் சுற்று முடிந்தது. குன்றின் மேல் கழுதைகளைத் தவிர யாரும் இல்லை.

வக்கார் அகமது கையைக் குலுக்கிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே போனார். ராணிப்பேட்டை போச்சு என்று நவநீதன் நாற்காலியில் சரிந்தான். எழிலரசிக்கு என்ன பதில் சொல்வது?

அவர் மனைவி ரஃபத் ஜஹான் டீயோடு வந்தார்.

"சாருக்குக் கோவமாம்மா?"

"கோவமா? நீங்க வாராவாரம் தோத்து, மனசு வெறுத்துதான் ஊரை விட்டுப் போறேன்றீங்கன்னு நெனச்சி, உங்ககிட்ட தோக்கறதுக்கு அவரு படாத பாடு பட்டாரு தம்பி; இன்னைக்கு ஜெயிச்சிட்டீங்க இல்ல, இனிமே உங்களுக்கு டிரான்ஸ்ஃபரே வேணாம்னு ஹெட் ஆபீஸ்ல சொல்லத்தான் சந்தோஷமா உள்ள ஓடியிருக்காரு!"