எண்ணெயில் வேகும் ஐவர்

"டோக்கன் அப்புறம் தரேன் சார். நீ மொதல்ல உள்ள வா. அய்யா கூப்புடறாரு" என்றார் தொழிற்சாலையின் கேட் காவலர் மதுரைவீரன்.

ரகுநாதன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உள்ளே போனார். பத்து மணிக்கு சார்ஜ்மேன் பதவி உயர்வுக்கு இன்டர்வியூ. இந்த நாளுக்காக அவர் எத்தனை வருஷம் காத்திருந்தார் என்பது ஆவடி குவார்ட்டர்ஸ் முழுக்கத் தெரியும். மனைவி வசந்தகுமாரி காலையில் சட்டைக்கு இரண்டு தடவை இஸ்திரி போட்டு, "பேசாம போயிட்டு, பேசாம வாங்க" என்று வேறு சொல்லி அனுப்பியிருந்தாள்.

காவல் அறையில் செக்யூரிட்டி சூப்பர்வைசர் தசரதன் மீசையைத் தடவியபடி உட்கார்ந்திருந்தார். மேஜை மேல் ஒரு துண்டுச்சீட்டு.

"உங்க டோக்கன் மாட்டற ஆணியில சொருகியிருந்துச்சு. சத்தமா படிங்க."

ரகுநாதன் படித்தார். "நிலம் நடுங்க, சங்கத்தின் நடுவைத் தகர்த்தால், ஐவரும் எண்ணெயில் வேகலாம்."

ஜம்புலிங்கத்தின் கையெழுத்து! ரகுநாதனின் முகம் மலர்ந்துவிட்டது. அந்த நேரத்தில் மலர்ந்திருக்கக் கூடாத முகம் அது.

ஜம்புலிங்கம், சுலைமான், ரகுநாதன் மூவருக்கும் இந்தப் பைத்தியம் பிடித்து வெகுநாளாகிறது. ஒருவர் மறைகுறிப்பு எழுதுவார், மற்றவர்கள் விடை கண்டுபிடிக்க வேண்டும். ஜம்புலிங்கத்துக்கு ராத்திரி ஷிப்ட், மற்ற இருவருக்கும் பகல். பார்த்துக்கொள்ள வழியில்லை. அதனால் வேலை முடிந்து போகிறவர், வருகிறவரின் டோக்கன் ஆணியில் சீட்டைச் சொருகிவிட்டுப் போவார். ரகுநாதன் மூன்று நாள் லீவு போட்டு, காட்டுப்பாக்கத்தில் மைத்துனியின் புதுமனை புகுவிழாவுக்குப் போயிருந்தார். சீட்டு அவருக்காக ஆணியிலேயே காத்திருந்திருக்கிறது.

"சிரிப்பு வருதா? யார் அந்த ஐவர்?" என்றார் தசரதன்.

"தெரியலை சார்."

"தொழிற்சங்கத்துல நிர்வாகிங்க அஞ்சு பேர்தானே?"

"ஆமா சார். ஆனா..."

"நீங்க வேலை செய்யறது எங்க?"

"ஹீட் ட்ரீட்மென்ட்ல."

"காய்ச்சின இரும்பை முக்கற பெரிய எண்ணெய்த் தொட்டி அங்க இருக்கில்ல?"

ரகுநாதனுக்கு வியர்த்தது. இஸ்திரி போன இடம் தெரியவில்லை.

"சார், இது வெறும் விளையாட்டு. யாரையும் ஒண்ணும் பண்ண மாட்டோம். சொல்லைத்தான் வெட்டுவோம். போன மாசம் மந்திரிக்குத் தலையை எடுத்தோம். அதுக்கு முன்னாடி மேனேஜரை ரெண்டா பொளந்து நடுவுல கழுதையை வெச்சோம்."

தசரதன் பேனாவைத் திறந்தார். "மெதுவா சொல்லுங்க. எந்த மந்திரி?"

வாயைத் திறந்தாலே வம்பு என்று ரகுநாதனுக்குப் புரிந்தது. சாட்சி வைத்தால்தான் தப்பலாம். "சுலைமானைக் கூப்பிடுங்க சார். அவர் விளக்கமா சொல்லுவார்."

சுலைமான் வந்தார். சீட்டைக் கண்டதும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

"ரகு! விடையைச் சொல்லிடாதே! நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை!"

"யோவ், என் வேலை போகப் போகுதுய்யா! இது விளையாட்டுன்னு இவர்கிட்ட சொல்லு!"

"விளையாட்டா?" சுலைமானுக்கு ரோஷம் வந்துவிட்டது. "சார், இதை நாங்க விளையாட்டா செய்யறதே இல்லை. உயிரைக் குடுத்து செய்யறோம்."

தசரதன் அதையும் எழுதிக்கொண்டார். சுலைமானை வெளியே பெஞ்சில் உட்கார வைத்தார்கள்.

எழுதிய ஜம்புலிங்கத்தையே அழைத்து வரலாம் என்று குவார்ட்டர்ஸுக்கு ஆள் போனது. போனவர் தனியாகத் திரும்பினார். ஜம்புலிங்கம் ராத்திரி ஷிப்ட் முடிந்த கையோடு அயனம்பாக்கம் ஏரிக்குத் தூண்டிலோடு போய்விட்டாராம்.

"எழுதினவன் தலைமறைவு" என்றார் தசரதன் அமைதியாக. "கடைசியா ஒரு வழி இருக்கு. விளையாட்டுன்னா விடை இருக்கணும். விடையைச் சொல்லுங்க, விடறேன். இல்லேன்னா ரிப்போர்ட் மேல போகும்."

சுவர்க் கடிகாரம் ஒன்பதைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. ரகுநாதன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பயமெல்லாம் போய், அவருக்குள் ஒரு பிடிவாதம் வந்து உட்கார்ந்துகொண்டது. இதுவரை ஜம்புலிங்கத்திடம் ஒரு தடவைகூடத் தோற்றதில்லை. இன்றைக்கா தோற்பது?

சீட்டின் நடுவில் டீ கிளாஸ் வட்டம். ஓரமெல்லாம் அடித்து அடித்துக் கிறுக்கிய பென்சில் கோடுகள். ஜம்பு ரொம்பத்தான் மெனக்கெட்டிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டார்.

"ஐவர்னா அஞ்சு எழுத்து சார். ஆளே இல்லை. சங்கம்ங்கிற சொல்லுல நடு ரெண்டெழுத்தைத் தகர்த்தா, 'ச', 'ம்' மட்டும் மிஞ்சும். அப்போ விடை 'சம்'னு முடியுது."

தசரதன் பேனாவை மூடி வைத்துவிட்டு முன்னால் சாய்ந்தார். "பாயசமா?"

"எண்ணெயில பாயசம் எப்படி சார் வேகும்?"

"வேகாது, வேகாது. வனவாசம்?"

"அதுல எண்ணெய் ஏது சார்?"

"ஆமா, அதான் இடிக்குது. அந்த நடுக்கம் எங்க போச்சு, அதைப் பாருங்க!"

ரகுநாதன் கண்ணை மூடினார். நிலம் நடுங்க... நிலம் ஆட... நிலம் குலுங்க... மைத்துனி வீட்டு விழாவில் வாணலியைச் சுற்றி நின்ற கூட்டம் நினைவுக்கு வந்தது. எண்ணெயில் வெந்து, பொன்னிறமாக...

"நிலம் அதிர!" என்று துள்ளி எழுந்தார். "அதிர, சம். அதிரசம்! சார், அதிரசம்!"

தசரதன் மேஜையில் ஓங்கி ஒரு குத்து விட்டார். பேனா உருண்டு கீழே விழுந்தது. "அதிரசம்! அட, அதிரசமா!" இத்தனை நேரம் எழுதிய காகிதத்தை நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டார். "ஓடுங்க, ஓடுங்க. இன்டர்வியூவுக்கு நேரமாகுது."

மறுபிறவி எடுத்தவர் போல வெளியே வந்தார் ரகுநாதன். இன்னும் கால் மணி நேரம் இருந்தது. ஆனாலும் ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது.

"மதுரைவீரா, ரிப்போர்ட் நிஜமாவே மேல போகாதில்ல?"

மதுரைவீரன் டோக்கனை அவர் கையில் வைத்துச் சிரித்தார்.

"ரிப்போர்ட்டா? இன்னா சார் நீ, வாரா வாரம் உன் சீட்டப் பிரிச்சு, வெடைய கண்டுகினு, அப்டியே திரும்பச் சொருவற மன்சன் நம்ம அய்யா. இந்த வாட்டி வெட கெடைக்காம மூணு நாளா தூங்காம முழிச்சுகினு கீறாரு, நீ எப்ப லீவு முடிஞ்சு வருவேன்னு!"