நான்கு கவசம் போட்ட ரிமோட்

ஜெராக்ஸ் கடைக்கு மேலே மாடி. ஏற இருபத்திரண்டு படி. காலை ஒன்பது மணிக்குள் படிக்கு இரண்டு பேர் உட்கார்ந்துவிடுவார்கள். எல்லார் மடியிலும் ஒரு பெட்டி. பெட்டிக்குள் ட்ரோன். முகத்தில், பிரசவ அறைக்கு வெளியே நிற்பவனின் கவலை.

நோய் ஒன்றுதான். ட்ரோன் நன்றாகப் பறக்கிறது. கையில் பிடித்திருக்கும் ரிமோட்டில்தான் சார்ஜ் நிற்பதில்லை. மூன்று மணி நேரம் வர வேண்டியது ஒரு மணி நேரத்தில் படுத்துவிடுகிறது.

வைத்தியரின் பெயர் அலை ஐயா. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. இரண்டு ஆண்டுக்கு முன்புவரை இதே படிக்கட்டின் கீழே போன் உறை விற்றுக்கொண்டிருந்தார். அப்போது யாரும் அவரை ஐயா என்று அழைத்ததில்லை. மாடி ஏறியதும் அழைத்தார்கள். உயரத்துக்கு அந்த மரியாதை உண்டு.

அவருடைய தத்துவம் எளிது. ட்ரோன் அடுத்தவர் தலைக்கு மேலே பறக்கிறது. கீழே இருப்பவர்கள் அண்ணாந்து பார்க்கிறார்கள். பார்த்துப் பெருமூச்சு விடுகிறார்கள். அந்தப் பெருமூச்சு ஓர் அலை. ட்ரோன் ஓடிக்கொண்டே இருப்பதால் அலையிடம் சிக்காது. ரிமோட் ஓடாது. சிக்கிக்கொள்ளும். இதற்கு ஆகாயக் கண்ணேறு என்று பெயர்.

இதைக் கேட்டுப் படித்தவர்கள் தலையாட்டினார்கள். படிக்காதவர்கள், படித்தவர்கள் ஆட்டியதைப் பார்த்து ஆட்டினார்கள்.

மருந்து, கவசம். சட்டைப் பொத்தான் அளவில் ஒரு செம்புத் தகடு. பின்பக்கம் பசை. ஆலோசனைக்குக் கட்டணம் கிடையாது. கவசத்துக்கு மட்டும் விலை. காற்றை இலவசமாகக் கொடுத்துப் பலூனுக்குக் காசு வாங்குவது போல.

வருகிறவர்களுக்கு ஒரே ஒரு விதி. ரிமோட்டில் ஒரு போனைச் செருகினால்தான் ட்ரோன் பார்ப்பது நமக்குத் தெரியும். அந்தப் போன் நூறு சதவீதம் சார்ஜோடு வர வேண்டும். "பசியோட வர்ற போன் அலையை இழுக்கும்" என்பார் ஐயா.

ரிமோட்டையும் போனையும் வாங்கிக்கொண்டு நீலத் திரைக்குப் பின்னால் போவார். ஐந்து நிமிடம். வெளியே வந்து எல்லார் முன்னிலையிலும் கவசம் ஒட்டுவார். பிறகு மேசைமேல் வைத்து அரை மணி நேரம் ஓடவிடுவார். ரிமோட்டின் நெற்றியில் நான்கு விளக்குகள். நான்கும் எரிந்துகொண்டே இருக்கும். கைதட்டல்.

வேலை செய்கிறது. வம்பே அதுதான். வேலை செய்யாத மோசடிக்கு ஒரு வாரம் ஆயுள். இது ஒரு மாதம், ஒன்றரை மாதம் நன்றாகவே வேலை செய்தது. பிறகு ரிமோட் மறுபடி படுக்கும். ஐயா தகட்டைத் தடவிப் பார்ப்பார்.

"நிறைய தாங்கிடுச்சுப்பா. களைச்சுப் போச்சு. இன்னொண்ணு ஒட்டிடலாம்."

தம்பியின் ரிமோட்டில் இப்படி மூன்று ஒட்டியிருந்தது.

தம்பி என்பது அவனுடைய அக்கா கூப்பிடும் முறை. நாமும் அப்படியே கூப்பிடுவோம். ஆலைகளின் புகைபோக்கியைச் சுற்றி ட்ரோன் விட்டு, விரிசல் இருக்கிறதா என்று படம் எடுப்பது அவன் வேலை. முன்பு அதை மனிதர்கள் கயிறு கட்டி ஏறிப் பார்த்தார்கள். அப்படி ஏறியவர்களில் ஒருவர் அக்காவின் கணவர். இரண்டு முழங்காலும் தேய்ந்த பிறகு, போன ஆண்டுதான் தரைக்கு வந்தார். அதற்குப் பிறகுதான் அக்கா, அவர் இறங்கியிருப்பாரா என்று வேலை நேரத்தில் கடிகாரம் பார்ப்பதை விட்டாள்.

பெரிய ஆலை ஒன்றில் தம்பி இரண்டு முறை ட்ரோனைப் பாதியில் இறக்கிவிட்டான். ரிமோட் படுத்துவிட்டது. ஆலை மேலாளர் போனில் சொன்னார்.

"வியாழக்கிழமை கடைசி. அன்னிக்கும் பாதியில இறக்கினா உங்க மாமாவைக் கூப்பிட்டுக்கறேன். அவருக்கு சார்ஜ் போட வேண்டியதில்லை."

மாமா இதைக் கேட்டுச் சிரித்தார்.

"சரியாத்தான் சொல்றார். ஏறிடலாம் மச்சான். மூணு மணி நேர வேலை."

சிரித்துக்கொண்டே நாற்காலிமேல் ஏறி, பரணிலிருந்து கயிற்றுப் பையை எடுத்தார். நாற்காலியிலிருந்து இறங்க அக்காவின் தோளைப் பிடிக்க வேண்டியிருந்தது. அக்கா சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை தம்பி நான்காவது கவசத்துக்குப் போனான். ஒட்டி முடித்துவிட்டு, எங்கே வேலை என்று ஐயா கேட்டார்.

"புகைபோக்கியா? புகையோட அலை வேறப்பா. இது தாங்காது. புதன்கிழமை கொண்டா. மூணு நாள் எங்கிட்ட இருக்கட்டும். புகைக்கவசம் போட்டுத் தர்றேன்."

"வியாழக்கிழமை வேலை இருக்கே ஐயா."

"உனக்கு வேலை முக்கியமா, உயிர் முக்கியமா?"

யாருடைய உயிர் என்று அவர் சொல்லவில்லை. தம்பியும் கேட்கவில்லை.

அக்கா மின்விசிறி ஆலையின் சோதனை அறையில் வேலை பார்க்கிறாள். அங்கே ஒரு பழக்கம். எந்தப் பொருள் வெளியே போனாலும் நாலு பக்கமும் படம் எடுத்துவிட வேண்டும். திரும்பி வந்ததும் படத்தோடு ஒப்பிட வேண்டும். மாறியது எது என்று தெரியாமல் யார்மீதும் பழி போடக் கூடாது.

திங்கட்கிழமை காலை, தம்பி குளிக்கப் போன நேரத்தில், அக்கா அவனுடைய ரிமோட்டைப் படம் எடுத்தாள். போனையும் படம் எடுத்தாள். ட்ரோன் செயலியின் செட்டிங்ஸ் பக்கங்கள் ஒவ்வொன்றையும் திறந்து படம் எடுத்தாள். முப்பத்தொரு படம்.

மாலையில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒப்பிட்டாள். மாமா எதிரே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். ரிமோட்டில் ஒரு தகடு கூடியிருந்தது. அது எல்லாருக்கும் தெரிந்தது. இருபத்தேழாவது படத்தில் இன்னொன்று மாறியிருந்தது. 'போனுக்குச் சார்ஜ் கொடு' என்று ஒரு வரி. பக்கத்தில் ஒரு சின்னப் பொத்தான். காலையில் ஆன். மாலையில் ஆஃப்.

"தம்பி, இங்க வா. ட்ரோன் விட ஆரம்பிக்கறப்போ உன் போன்ல சார்ஜ் எவ்வளவு இருக்கும்?"

"காலையிலேருந்து பேசிப் பேசி, பத்து பன்னெண்டு இருக்கும்."

"முடிக்கறப்போ?"

தம்பியின் முகத்தில் பெருமை வந்தது.

"அதான்க்கா விசேஷம். அம்பதுக்குப் போயிடும். ராசியான போன்."

"கூடினது எங்கேருந்து கூடிச்சு?"

தம்பி யோசித்தான். பழக்கம் இல்லாததால் நேரம் பிடித்தது.

"ஆகாயத்திலேருந்துன்னு ஐயா சொன்னார்."

மாமா வெங்காயத்திலிருந்து தலை தூக்கினார்.

"ஆகாயத்துல நான் இருபது வருஷம் தொங்கியிருக்கேன். ஒரு சதவீதம்கூட ஏறலை."

அக்கா ரிமோட்டைத் திருப்பிக் காட்டினாள்.

"இதுக்குள்ள தனியா ஒரு பேட்டரி இருக்கு. நீ காலிப் போனைச் செருகறே. அது இதுல இருக்கறதைக் குடிக்குது. போன் ஏறுது, ரிமோட் இறங்குது. அவ்வளவுதான். உங்க ஐயா திரைக்குப் பின்னாடி போய் இந்தப் பொத்தானை அணைச்சிட்டு வர்றார்."

"ஐயாவோட அலையே அதை அணைச்சிருக்கும்க்கா."

"விரல் இல்லாமயா?"

"நீ நம்பாதவ. உனக்குச் சொன்னாப் புரியாது. புதன்கிழமை நான் ரிமோட்டைக் கொடுக்கத்தான் போறேன்."

"கொடு. நானும் வர்றேன்."

செவ்வாய்க்கிழமை அக்கா அந்தப் பொத்தானை மறுபடி ஆன் செய்தாள். ரிமோட்டை முழுக்கச் சார்ஜ் ஏற்றினாள். புதன்கிழமை காலை தம்பியின் போனில் சார்ஜ் பத்துக்கு இறங்கும்வரை பாட்டு ஓடவிட்டாள். மாமா கூடவே பாடினார். அதுதான் கொஞ்சம் சிரமமாக இருந்தது.

மாடியில் கூட்டம் சுவர்வரை இருந்தது. ஐயா வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். முன்னால் மேசை. பக்கத்தில் நீலத் திரை.

"ஐயா, மூணு நாள் இங்க விட்டுட்டுப் போறதுக்கு முன்னாடி ஒண்ணு பார்த்துச் சொல்லுங்க" என்றாள் அக்கா. "திங்கட்கிழமை நீங்க போட்ட கவசம் சரியா இருக்கா?"

ஐயா ஒரு கருவியை எடுத்தார். அலைமானி. உலோகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் பீப் என்று கத்தும். கதவுக் கைப்பிடிக்கும் கத்தும். தகடுகள்மேல் காட்டினார். நான்கு முறை கத்தியது.

"நாலும் முழு உயிரோட இருக்கும்மா."

"எல்லாரும் கேட்டீங்கல்ல" என்று அக்கா திரும்பிப் பார்த்தாள். "இங்க முதல் தடவையா வந்தவங்க யாராவது இருக்கீங்களா? கவசமே போடாதவங்க."

கல்யாண வீடியோக்காரர் ஒருவர் கையைத் தூக்கினார். அவருடைய ரிமோட்டும் அதே வகை. முழுச் சார்ஜ். விதிப்படி போனும் நூறு.

"அண்ணே, அரை மணி நேரம் இதுக்குப் பக்கத்துல வைங்க. உங்களது அம்மணமா இருக்கட்டும். எங்களது நாலு சட்டை போட்டிருக்கு. எது தாங்குதுன்னு பார்க்கலாம்."

"இது விளையாட்டு இல்லம்மா" என்றார் ஐயா.

"அரை மணி நேரம்தானே ஐயா. நீங்க தினமும் ஓடவிடறதுதான்."

கூட்டத்துக்கு ஆசை வந்துவிட்டது. நம்புகிறவர்களுக்கும் பந்தயம் பிடிக்கும். இரண்டு ரிமோட்டும் மேசைக்கு வந்தன. இரண்டிலும் போன் செருகினார்கள். இரண்டிலும் நான்கு விளக்கு.

பன்னிரண்டாவது நிமிடம் தம்பியின் ரிமோட்டில் ஒரு விளக்கு அணைந்தது. யாரோ இருமினார்கள்.

இருபத்து நான்காவது நிமிடம் இன்னொன்று அணைந்தது. இருமவும் ஆளில்லை.

வீடியோக்காரரின் ரிமோட்டில் நான்கும் எரிந்தன. அவர் சுற்றிலும் பார்த்தார். பந்தயத்தில் ஜெயித்ததற்கு மகிழ்வதா, கவசம் வாங்க வந்ததற்கு வெட்கப்படுவதா என்று அவருக்குத் தெரியவில்லை.

"அந்தப் போன் பசியோட வந்திருக்கு" என்றார் ஐயா. "விதியை மீறிட்டீங்க."

"ஆமா ஐயா. பத்துல வந்துச்சு. இப்போ முப்பத்தஞ்சு." அக்கா போனைத் தூக்கிக் காட்டினாள். "பசிக்கு யாரோட சாப்பாட்டைச் சாப்பிட்டுச்சு? இங்க ஏறியிருக்கு, அங்க இறங்கியிருக்கு. நடுவுல ஒரு சாண் வயர்."

"அறையில சந்தேக அலை இருக்கும்மா. அது கவசத்தைப் பாதிக்குது."

"ரெண்டும் ஒரே மேசையிலதானே இருக்கு. உங்க சந்தேக அலை கவசம் போட்டதை மட்டும் தேடிப் பிடிக்குதா?"

பின்வரிசையில் ஒருவர் சிரித்துவிட்டார். சிரிப்புக்குக் கவசம் கிடையாது. பரவியது.

அக்கா இரண்டு படங்களைக் காட்டினாள். திங்கள் காலை, திங்கள் மாலை. பொத்தானைக் காட்டினாள். எல்லார் முன்னிலையிலும் அணைத்தாள். அடுத்த கால் மணி நேரம் தம்பியின் ரிமோட்டில் மிச்சமிருந்த இரண்டு விளக்கும் அப்படியே எரிந்தன. போன் முப்பத்தைந்தைத் தாண்டவில்லை.

தம்பி மெதுவாகச் சொன்னான்.

"அக்கா, மூணு தடவையும் அந்தச் செயலி அப்டேட் ஆன மறுநாள்தான் ரிமோட் படுத்துச்சு."

"அப்டேட் ஆனா பொத்தான் பழையபடி ஆன் ஆயிடுது. கவசம் களைக்கலைடா. நீதான் ஒவ்வொரு தடவையும் களைச்சுப் போய் இந்தப் படியேறினே."

ஐயா எழுந்தார். குரலில் இன்னும் கொஞ்சம் சாந்தம் மிச்சமிருந்தது.

"நான் ஜனங்களுக்கு மனதைரியம் கொடுக்கறேன்மா."

"கொடுங்க ஐயா. பசை தடவாம கொடுங்க."

அவர் திரைக்குப் பின்னால் போனார். அங்கிருந்து பின்படிக்கட்டு ஒன்று இறங்குகிறது என்பது அன்றுதான் எல்லாருக்கும் தெரிந்தது.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. நிலம் அளக்கும் ஒருவர் தன் போனை இரண்டு கையாலும் ஏந்தி அக்காவிடம் வந்தார்.

"அக்கா, அந்தப் பொத்தானை உங்க கையாலயே அமுக்கிக் கொடுங்க. ராசியான கையா இருக்கு."

அவருக்குப் பின்னால் அதற்குள் ஆறு பேர் வரிசை கட்டிவிட்டார்கள்.

அக்கா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"உங்களுக்கும் விரல் இருக்கில்ல. அமுக்குங்க. எது மாறுதுன்னு நீங்களே பாருங்க."

வியாழக்கிழமை புகைபோக்கியைச் சுற்றி ட்ரோன் இரண்டரை மணி நேரம் வேலை செய்தது. அதன் பேட்டரியை மாற்ற மட்டும் அவ்வப்போது இறங்கியது. ரிமோட் படுக்கவில்லை. மாமா கீழே கயிற்றுப் பையை மெத்தையாகப் போட்டு உட்கார்ந்து, அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒருமுறை பெருமூச்சு விட்டார். தம்பி பதறி ரிமோட்டைப் பார்த்தான். பெருமூச்சுக்கு விளக்கு ஒன்றும் அணையவில்லை.

"கழுத்து வலிக்குது மச்சான்" என்றார் மாமா. "அதுக்குத்தான்."

ஜெராக்ஸ் கடை மாடி இப்போது பூட்டியிருக்கிறது. வேறு தெருவில், வேறு மாடியில், வீட்டு வைஃபைக்குக் கண்ணேறு கழிப்பதாக ஒரு பலகை தொங்குகிறது என்று கேள்வி. படிக்கு இரண்டு பேர் உட்காரத் தொடங்கியிருப்பார்கள். இரண்டு ஆண்டுகள் அந்தப் பழைய மாடியில் ஆயிரம் பேராவது வந்து போயிருப்பார்கள். எல்லாருடைய போனும் காசில்லாமல் ஏறியது. கூடினது எங்கிருந்து கூடியது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நீங்கள் போவதானால் அந்தக் கேள்வியைக் கையோடு எடுத்துப் போங்கள். கேள்விக்குச் சார்ஜ் போட வேண்டியதில்லை.