இருபத்துநாலு வோல்ட் அழகு நிலையம்

பெயர்ப்பலகை எரிந்தது, மின்னியது, அணைந்தது. மூன்றும் கண்மூடித் திறப்பதற்குள் நடந்து முடிந்துவிட்டன.

"ரொம்பப் பிரகாசமா இருந்துச்சுல்ல?" என்றார் கணவர், பஸ்ஸின் முன்னால் சாத்தியிருந்த ஏணியில் நின்றபடி.

"இருந்துச்சு. இப்ப ஏன் புகையுது?" என்றாள் கத்திரி.

கத்திரி என்பது பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ஒட்டிக்கொண்ட பெயர். முன் பெஞ்சுக்காரியின் பின்னல் கோணலாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக அதை வெட்டி நேராக்கிவிட்டாள். அன்றைக்கு வாங்கிய அடி மறந்துவிட்டது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

அந்தப் பலகையில் விளக்குகள்தான் எழுத்து. விளக்கு போனால் அது வெறும் கறுப்புப் பலகை. பழைய பஸ் ஒன்றை வாங்கி, பின்பாதியில் சுழல்நாற்காலியும் கண்ணாடியும் வைத்து, நடுவில் திரை கட்டி, முன்பாதி இருக்கைகளை வாடிக்கையாளர் காத்திருப்பதற்காக அப்படியே விட்டுவைத்திருந்தாள். உள்ளே இருப்பது முடிவெட்டும் கடை என்று ஊருக்குச் சொல்ல அந்தப் பலகை ஒன்றுதான் இருந்தது. திறப்பு நாளன்று காலையிலேயே அதுவும் வாயை மூடிக்கொண்டது.

கணவர் ஏணியிலிருந்து இறங்கி, புகைந்த பலகையின் முதுகைத் திருப்பிப் பார்த்தார். அவருக்குத் தொழில் ஃபிரிட்ஜ் ரிப்பேர். கரண்ட் என்றால் கரண்ட்தான், அதில் என்ன சாதி வேற்றுமை என்பது அவர் கட்சி. அழுக்கு தெரியக்கூடாது என்று காக்கிச் சட்டை போட்டிருந்தார்.

"அட! இது பன்னெண்டு வோல்ட்."

"அதனால என்ன?"

"பஸ்ஸு இருபத்துநாலு. பெரிய வண்டில்ல? ரெண்டு பேட்டரியைக் கோத்து வெச்சிருக்கான். நீ வாங்கின சாமானெல்லாம் கார் பேட்டரிக்கு ஆனது."

கத்திரி உள்ளே திரும்பிப் பார்த்தாள். ஃபேன், கண்ணாடி விளக்குகள், முடி வெட்டுகிற மெஷின் எல்லாமே, வேனில் கடை நடத்தி மூடிவிட்ட ஒருவரிடம் மொத்தமாக வாங்கியவை. எல்லாமே பன்னெண்டு.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. அவள் வேலையை விட்டுவிட்டு வந்த அழகு நிலையத்தின் முதலாளி அக்கா.

"என்னடி, எத்தனை தலை உட்கார்ந்துச்சு?"

"இப்பத்தானேக்கா திறந்திருக்கேன்."

"பஸ்ஸுல ஏறி எவளாவது முடி வெட்டிக்குவாளா? நான் சொன்னது சொன்னதுதான். சாயங்காலம் வரைக்கும் உன் வேலையை யாருக்கும் குடுக்க மாட்டேன். பேசாம வந்துடு. துடைப்பம் அதே மூலையிலதான் இருக்கு."

கத்திரி போனை வைத்துவிட்டுப் பல்லைக் கடித்தாள். "என்னங்க, எதையாவது பண்ணுங்க. இன்னைக்கு ஒரு தலையாவது உட்காரணும்."

"கவலையே படாத. பன்னெண்டும் பன்னெண்டும் எவ்வளவு? இருபத்துநாலு! விளக்கையும் ஃபேனையும் ஒண்ணு பின்னாடி ஒண்ணாக் கோத்துட்டா ஆளுக்குப் பாதி. சண்டையே வராது."

சண்டை வந்தது. பாகம் பிரித்ததில் விளக்கு பெரும்பங்கை வளைத்துப் போட்டுக்கொண்டு கண்ணைக் கூசவைத்தது. ஃபேன் சீக்காளி மாதிரி இரண்டு சுற்று சுற்றியது. பிறகு விளக்கு 'பட்' என்றது. ஃபேனும் நின்றுவிட்டது.

"விளக்கு போச்சு, சரி. ஃபேன் ஏங்க நின்னுச்சு?"

"கோத்து வெச்சா அப்படித்தான். ஒண்ணு படுத்தா இன்னொண்ணும் படுத்துடும். நம்மள மாதிரி."

"நான் ஒருநாளும் படுத்ததில்ல," என்றாள் கத்திரி. "மிச்சம் ஒரே ஒரு விளக்குதான் இருக்கு. அதுல கையை வெச்சீங்க, முதல் மொட்டை உங்களுக்குத்தான்."

கணவர் டிரைவர் சீட்டில் ஏறி, கால்மாட்டில் இருந்த பலகையைக் கழற்றித் தலையை உள்ளே விட்டார். அப்போதுதான் படிக்கட்டில் ஒரு செருமல் கேட்டது.

கக்கத்தில் குடையும் தலையில் அடர்ந்த சுருட்டைமுடியுமாக ஒருவர் நின்றிருந்தார்.

"உட்காரலாமாம்மா?"

கத்திரி சீப்பை உருவிக்கொண்டு ஓடிவந்தாள். "உட்காருங்க, உட்காருங்க! எங்க வேணும்னாலும் உட்காருங்க!"

"எப்ப எடுப்பீங்க?"

"இதோ அஞ்சே நிமிஷம். சின்ன கரண்ட் வேலை. முடிஞ்சதும் எடுத்துடலாம்."

குடைக்காரர் ஜன்னலோரமாக உட்கார்ந்தார். அவர் பின்னாலேயே மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு பருத்த அம்மாள், பிள்ளைகள் மூன்றுடன் ஏறினாள். "நாலு பேருக்கும் ஒண்ணா இடம் கிடைக்குமா?"

"தாராளமா!" குடும்பத்தோடு வருகிறார்களே என்று கத்திரி பூரித்துப்போனாள். அதற்குப் பிறகு கல்லூரிப் பெண்கள் இருவர், வயதான தம்பதி, கையில் காய்கறிப் பையுடன் ஒருவர். ஆள் நடமாட்டம் பார்த்து வண்டியை நிறுத்துவதில் கணவர் கெட்டிக்காரர்தான். "அந்த மரத்தடியில எப்பப் பாரு பத்துப் பேர் சும்மாவே நிக்கிறாங்க, அங்க போட்டுடுவோம்" என்று அவர் சொன்னபோது இவள் நம்பவில்லை.

டிரைவர் சீட்டருகே குனிந்து கணவர் காதில் கிசுகிசுத்தாள். "என்னங்க, கூட்டம் சேருது. சீக்கிரம்!"

"வழி கண்டுபிடிச்சுட்டேன். ரெண்டு பேட்டரி இருக்குல்ல, ஒண்ணுலேர்ந்து மட்டும் கம்பியை இழுத்தா? சுளையா பன்னெண்டு!"

இழுத்தார். விளக்கு பாலாக எரிந்தது. ஃபேன் சீராகச் சுற்றியது. மெஷின் வண்டு மாதிரி ரீங்காரமிட்டது. கத்திரி கத்திரிக்கோலைத் துடைத்தாள், சீப்பை அடுக்கினாள், கண்ணாடியில் தன் தலையையே ஒருமுறை கோதிக்கொண்டாள். விளக்கையும் ஃபேனையும் ஓடவிட்டபடியே, மெஷினுக்கு எண்ணெய் விட்டு, பழைய துணி நூலில் வைத்து ஓட்டி ஓட்டிக் கூர் பார்த்தாள். முதல் தலை ஆயிற்றே! இன்னும் ஒருமுறை, இன்னும் ஒருமுறை என்று சரிபார்த்துக்கொண்டே இருந்தாள்.

முன்னாலிருந்து குரல் வந்தது. "எம்மா, நேரமாகுதே! நேரா எடுப்பீங்களா, சுத்தி எடுப்பீங்களா?"

"உங்களுக்கு எப்படி வேணுமோ அப்படி! ஆனா சுத்தி எடுத்தாத்தான் அழகு!"

"சுத்தினா லேட்டாகும். நேராவே எடுங்க."

"இன்னைக்காவது உட்கார இடம் கிடைச்சுதே," என்றாள் பருத்த அம்மாள். "நேத்தெல்லாம் நின்னுக்கிட்டேதான்."

நின்றுகொண்டா? எந்தக் கடையில் இந்த அநியாயம் என்று கத்திரிக்கு ஆத்திரம் வந்தது. "எங்ககிட்ட அந்தப் பேச்சே கிடையாதும்மா. எல்லாரும் உட்கார்ந்துதான்!"

"நல்லா இருப்பே தாயி."

அவள் திரையை விலக்கி முதல் ஆளைக் கூப்பிடப் போன நேரத்தில் விளக்கு மஞ்சளாகியது. பிறகு சிவப்பாகியது. ஃபேன் இறக்கைகளை எண்ணிவிடலாம் போலச் சுற்றியது.

"பேட்டரி பழசு, இறங்கிடுச்சு," என்றார் கணவர், கொஞ்சமும் அசராமல். "இன்ஜினைப் போட்டா தானா ஏறிடும்."

சாவியைத் திருப்பினார். 'கிர்ர்' என்று ஒரு முனகல். பிறகு 'டக்'. பிறகு அதுவும் இல்லை.

"என்னாச்சு?"

"ஸ்டார்ட் ஆகறதுக்கு ரெண்டு பேட்டரியும் வேணும். ஒண்ணு காலி."

கத்திரி அவரைப் பார்த்த பார்வையில் ஒரு பேட்டரி சார்ஜ் ஏறியிருக்கும். முன்னால் சலசலப்பு எழுந்தது. போச்சு, எல்லோரும் எழுந்து போகப் போகிறார்கள் என்று அவள் ஓடினாள். எழுந்துதான் இருந்தார்கள். குடைக்காரர் குடையை இருக்கையில் வைத்து இடம்பிடித்துவிட்டுச் சட்டைக் கையை மடித்துக்கொண்டிருந்தார்.

"இறங்குங்கப்பா, தள்ளுவோம். வேற வழி?"

 அக்கா கடையில் தண்ணீர் கொண்டுவரச் சற்றுத் தாமதமானால்கூட வாடிக்கையாளர்கள் எரிந்து விழுவார்கள். இங்கே முடி வெட்டிக்கொள்ள வந்தவர்கள் கடையையே தள்ளுகிறார்கள்! கல்லூரிப் பெண்கள் தள்ளினார்கள், வயதானவர் தள்ளினார். அவர் மனைவி கீழே நின்று, "முதுகைக் குடுத்துத் தள்ளுங்க!" என்று யோசனை சொன்னாள். கத்திரிக்குக் கண் கலங்கிவிட்டது.

வண்டி உருண்டது, குலுங்கியது, கரும்புகை கக்கி உறுமியது. கொஞ்ச தூரம் அதுவாகவே ஓடியது.

"நிறுத்து! நிறுத்து!" என்று எல்லோரும் தலைதெறிக்கப் பின்னால் ஓடிவந்தார்கள். நிறுத்தியதும் முண்டியடித்து ஏறி, பழைய இடத்துக்காகச் சண்டையே போட்டார்கள். புதிதாக நாலைந்து பேரும் சேர்ந்துகொண்டார்கள். இருக்கை நிரம்பி இரண்டு பேர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

போன் அடித்தது. அக்காதான்.

"என்ன, வர்றியா?"

"உட்கார இடமில்லக்கா!" கத்திரியின் குரல் இன்ஜினையும் மீறி எழும்பியது. "ஆளுங்க நின்னுக்கிட்டு இருக்காங்க!"

 "பொய் சொல்லாத. நானே வந்து பாக்குறேன்."

கத்திரி போனை வைப்பதற்குள், அழுகிய முட்டை வாடை குப்பென்று அடித்தது. கணவர் இறங்கிப்போய் பேட்டரிப் பெட்டியைத் திறந்தார். ஒன்று குளிர்ந்து கிடந்தது. மற்றது சுட்டுக் கொதித்துக்கொண்டிருந்தது.

"ஒருத்தனை மட்டுமே வேலை வாங்கிட்டோம். அவன் பட்டினி. இவன் சும்மா இருந்தவன், சாப்பாடு மட்டும் சரிபாதி வருது, அஜீரணம்."

"நம்ம வீட்டுல நடக்கிறதுதானே," என்றாள் கத்திரி. "இதுக்கு ஒழுங்கான வழியே கிடையாதா?"

"இருக்கு," என்று தலையைச் சொறிந்தார். "கன்வெர்ட்டர்னு ஒரு டப்பா. இருபத்துநாலை உள்ள வாங்கிப் பன்னெண்டா வெளிய விடும். எதிர்த்த கடையிலயே தொங்குது."

"காலையிலேர்ந்து தொங்குதா?"

"காலையிலேர்ந்தே."

அவள் கத்திரிக்கோலை ஒருமுறை திறந்து மூடினாள். கணவர் பேட்டரியிலிருந்து இழுத்த கம்பியைப் பிடுங்கிப் போட்டுவிட்டுச் சாலையைக் கடந்து பறந்தார்.

"இன்ஜின் ஓடுது, அவர் எங்கம்மா ஓடுறாரு?" என்று குடைக்காரர் ஜன்னல் வழியாகக் கேட்டார்.

"சாமான் வாங்க. வந்ததும் எடுத்துடலாம். எழுந்து போயிடாதீங்க!"

"எங்க போறது? இதை விட்டா வேற கதி?"

எவ்வளவு பெரிய வார்த்தை! கத்திரி சுழல்நாற்காலியை இன்னொருமுறை துடைத்துவைத்தாள்.

டப்பா வந்தது. மாட்டினார். வாடை அடங்கியது. விளக்கு தும்பைப்பூவாக எரிந்தது, ஃபேன் சுற்றியது, மெஷின் பாடியது. எதுவும் புகையவில்லை, எதுவும் வெடிக்கவில்லை. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். அப்போதும் எதுவும் ஆகவில்லை.

அதே சமயம் படிக்கட்டில் அக்கா வந்து நின்றாள். நிரம்பி வழிகிற இருக்கைகளையும் கம்பியைப் பிடித்து நிற்பவர்களையும் பார்த்தாள். திறந்த வாய் மூடவில்லை.

"இத்தனை பேருமா?" என்றாள்.

"இத்தனை பேரும்தான்க்கா. வண்டியைக்கூட அவங்கதான் தள்ளினாங்க."

அக்கா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டாள். "நீ ஒருத்தியே எப்படிடி சமாளிப்பே? ஒத்தாசைக்கு நான் வேணும்னா இருக்கட்டுமா?"

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் கத்திரி அத்தனை வருஷமும் அந்தக் கடையைப் பெருக்கியிருக்கிறாள். ராஜநடையாகக் குடைக்காரரிடம் போனாள்.

"முதல்ல வந்தவர் நீங்கதான். உள்ள வாங்க."

"எனக்கா? இந்த இடமே வசதியாத்தான் இருக்கு."

"அங்க இன்னும் வசதியா இருக்கும். வாங்க."

அவர் குடையை எடுத்துக்கொண்டு தயங்கித் தயங்கி வந்தார். சுழல்நாற்காலியில் உட்கார்ந்து, ஒருமுறை சுற்றிப் பார்த்து, நன்றாகச் சாய்ந்துகொண்டார். கத்திரி வெள்ளைத் துணியை உதறிக் கழுத்தைச் சுற்றிக் கட்டினாள். சுருட்டைமுடியில் சீப்பை விட்டு, மெஷினை எடுத்தாள். பஸ் முழுவதும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. அக்கா திரையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

குடைக்காரர் கண்ணாடி வழியாக மெஷினைப் பார்த்தார், கத்திரியைப் பார்த்தார், பணிவாகக் கேட்டார்:

"ஏம்மா, இது டிக்கெட்டோட சேர்த்தியா, இல்ல தனியா?"