வேலிக்கு அப்பால் போன தட்டு

எவரார்தோவின் மடியில் விரித்திருந்த பிளாஸ்டிக் பையில் ஓட்டை இருந்தது. மசித்த பீன்ஸ் தொடை வழியாக முழங்காலை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. சூடாக.

"எப்படி இருக்கு?" என்றாள் தெல்ஃபினா. மேசைக்கு எதிரே கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கணவரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொழுப்பு இன்னிக்குக் கொஞ்சம் தூக்கல். அபாரம்!" என்றார் எவரார்தோ, வெறும் வாயை மென்றபடி.

"நிஜமாவா கெழவா? கொழுப்பு தெரியுதா?"

"தெரியுதாவா? நாக்குல வழுக்குது!"

தெல்ஃபினாவின் முகம் மலர்ந்தது. எவரார்தோவின் முழங்கால் வெந்தது.

ஆரஞ்சுப் பழம் பெட்டியில் அடைக்கும் கொட்டகையில் அவர் மேற்பார்வையாளர். ஐம்பத்தொன்பது வயது. ஒரே விசிலில் முப்பது ஆட்களைத் திருப்பிவிடுவார். எந்தச் சிக்கலுக்கும் தன்னிடம் ஒரு வழி உண்டு என்பது அவர் நம்பிக்கை. ஆகவே டாக்டர், "மூணு மாசத்துல சர்க்கரை இறங்கலைன்னா ஊசிதான்" என்று சொன்னபோதும் அவர் கலங்கவில்லை. அந்த வாரமே மாதா கோயில் கூடத்தில் நடக்கும் நல்வாழ்வு வகுப்பில் பெயர் கொடுத்துவிட்டார். பன்னிரண்டு வாரம்; செவ்வாய், வியாழன் மாலை. நடை, பாட்டுப் போட்டு உடற்பயிற்சி, சாப்பாட்டுப் பாடம்.

முதல் நாளே வகுப்பாசிரியை மாரிசெலா ஒரு கண்ணாடி ஜாடியைத் தூக்கிக் காட்டினாள். உள்ளே வெள்ளை வெளேரென்று பன்றிக்கொழுப்பு.

"இது ஒரு ஆள் ஒரு மாசத்துல முழுங்குற கொழுப்பு."

எவரார்தோ மனதுக்குள் சிரித்துக்கொண்டார். தெல்ஃபினாவுக்கு அந்த ஜாடி இரண்டு நாள் காணாது.

வீட்டில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் போன வருடம், "பீன்ஸுல கொழுப்பைக் கொஞ்சம் கொறைச்சா என்ன?" என்று ஒரே ஒரு தடவை கேட்டுப் பார்த்திருந்தார். இருபது வருடம் கொட்டகை ஆட்களுக்குச் சமைத்துப் போட்டவள் தெல்ஃபினா. சட்டியோடு பீன்ஸ் கொல்லைக்குப் போயிற்று. எட்டு நாள் பேச்சில்லை. ஒன்பதாம் நாள் எவரார்தோவே சட்டியைக் கழுவிக் கொண்டுவந்து அடுப்பில் வைத்து, "கொழுப்பில்லாத பீன்ஸ் ஜெயில் சாப்பாடுடி" என்று சரணடைந்தார்.

அதனால்தான் இந்தப் பிளாஸ்டிக் பை. பை ஓட்டையான மறுநாளே வேறு வழி கண்டுபிடித்தார்.

"கார் ஷெட்டுல உக்காந்து பேஸ்பால் கேட்டுக்கிட்டே சாப்பிடுறேன். ரேடியோ அங்கதான் நல்லா எடுக்குது."

ஷெட்டுக்குப் பின்னால் வேலி. வேலிக்கு அப்பால் ருத்திலியோ. அறுபத்து மூன்று வயது, மனைவி போனபின் தனிக்கட்டை, எவரார்தோவின் மூத்த மகளுக்கு ஞானத்தகப்பன்; அந்த உறவுமுறையில் எவரார்தோவை 'கொம்பாத்ரே' என்றுதான் கூப்பிடுவார். வயிறு அவருக்கு முன்னால் ஒரு அடி போகும். வகுப்புக்குக் கூப்பிட்டதற்கு, "நடக்கிறதுக்கா கடவுள் காரைக் கொடுத்தார்?" என்று கேட்டவர்.

தட்டு வேலியைத் தாண்டியது.

"இந்தச் சாப்பாட்டை வேணாம்னு சொல்ற பைத்தியத்தை இப்பதான் பாக்குறேன், கொம்பாத்ரே!" என்றார் ருத்திலியோ, வாய் நிறைய.

"உயிர் மேல ஆசை இருக்குய்யா எனக்கு. சரி, எனக்குத் திங்க என்ன வச்சிருக்கே?"

ருத்திலியோ குளிர்பெட்டியிலிருந்து ஒரு அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்தார். சூடாக்கினால் தின்னலாம். மேலே கொட்டை எழுத்தில் 'லைட்' என்றிருந்தது. எவரார்தோவுக்குத் திருப்தி. அளவு மட்டும் கொஞ்சம் சின்னது. கனமில்லாத சாப்பாட்டை எத்தனை தின்றால் என்ன? முதல் வாரம் வேளைக்கு இரண்டு பெட்டி. மூன்றாம் வாரம் மூன்று.

வழித்து நக்கிய தட்டு வீடு திரும்பியதைக் கண்டு தெல்ஃபினா பூரித்துப் போனாள். அடுத்த நாள் முதல் இரண்டு தட்டு.

"ரெண்டு எதுக்குடி கெழவி?"

"வேணுங்கிற மட்டும் சாப்பிடு. நான் போட்டா உனக்கு ஒண்ணும் ஆவாது."

இரண்டு தட்டையும் ருத்திலியோவே கவனித்துக்கொண்டார்.

ஐந்தாம் வாரம் தெல்ஃபினா கட்டிலுக்கடியில் புதுக் காலணிகளைக் கண்டுபிடித்தாள். பச்சைக் கோடு போட்டவை.

"யாருக்கு இந்த மினுக்கு? செவ்வாய் வியாழன் வேர்த்து ஊத்தி வர்றே. நேத்து பாத்திரம் கழுவுறப்போ இடுப்பை ஆட்டுனியே, அதையும் பாத்தேன்."

எவரார்தோ ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "முட்டி வலிடி. மெத்து மெத்துன்னு செருப்பு போடச் சொன்னார் டாக்டர். இடுப்பை ஆட்டல, நொண்டுனேன்."

பொய் நன்றாக வேலை செய்தது. அளவுக்கு மீறி நன்றாக. அன்றிலிருந்து தெல்ஃபினா, சாப்பாட்டுக்கு ஷெட் வரை போவதைத் தவிர, அவரை வாசல்படி இறங்க விடவில்லை. வேலை முடிந்து வந்ததும் கால்களைத் தலையணை மேல் தூக்கி வைத்தாள். இரண்டு தட்டோடு எலும்பு சூப்பும் சேர்ந்துகொண்டது. பத்தாயிரம் அடி நடக்க வேண்டிய மனிதர் குளியலறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு நின்ற இடத்திலேயே நடந்தார்.

"உள்ள என்ன டமார் டமார்னு?"

"முட்டிக்கு ஒத்தடம்!"

வகுப்புக்குப் போக, "முட்டிக்குக் கரண்ட் வைக்கிறாங்க" என்றார். அவ்வளவு வலியா என்று தெல்ஃபினா இரண்டு நாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிடந்தாள். எவரார்தோவுக்கு மனசு சுருக்கென்றது. ஆனாலும், சர்க்கரை இறங்கிய சீட்டைக் காட்டி ஒரேயடியாக மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம் என்று தேற்றிக்கொண்டார்.

பன்னிரண்டாம் வாரம் ருத்திலியோ வேலியோரம் நின்றார். ஒரு கை கால்சட்டையைப் பிடித்திருந்தது.

"கொம்பாத்ரே, நான் சாகப்போறேன்."

"என்னய்யா உளறுறே?"

ருத்திலியோ கையை எடுத்தார். கால்சட்டை கணுக்காலில் விழுந்தது.

"தினம் ரெண்டு தட்டு, அதுவும் கொழுப்புல மிதக்குற சாப்பாடு. அதைத் தின்னுட்டும் ஒருத்தன் எளைக்கிறான்னா உள்ள எதோ பெருசா அரிக்குதுன்னு அர்த்தம். படுத்தாத் தூக்கம் வரல. எம்பொண்ணுகிட்ட சொல்லக்கூட பயமா இருக்கு."

எவரார்தோ வேலியோடு ஒட்டி நின்று பார்த்தார். நண்பனின் கழுத்து சட்டைக் காலருக்குள் தொளதொளவென்று நின்றது. தான் தப்பிக்க இந்த மனிதனுக்குத் தினமும் விஷத்தை அல்லவா வேலி தாண்டிக் கொடுத்திருக்கிறோம்? வாழ்க்கையில் முதல் முறையாக அவருக்கு வழி ஒன்றும் தோன்றவில்லை.

"சனிக்கிழமை எங்க நிறைவு விழா. ரத்தம் பாக்கிறாங்க. உன்னைக் கூட்டிட்டுப் போறேன்," என்றார் கடைசியில். "என்ன வந்தாலும் நான் இருக்கேன்."

"ரெண்டு தட்டைக் கொடுத்ததும் நீதான்."

"அதான் சொல்றேன்ல, நான் இருக்கேன்!"

சனிக்கிழமை காலை கூடத்தில் காலை வகுப்பு, மாலை வகுப்பு இரண்டும் கூடியிருந்தன. வெள்ளரித் துண்டும் எலுமிச்சையும் தட்டுத் தட்டாக இருந்தன. எவரார்தோ மார்பை நிமிர்த்திக்கொண்டு எடை மேடையில் ஏறினார். மாரிசெலா அளவைப் பார்த்தாள். விரலில் குத்தி ரத்தம் எடுத்தாள். மறுபடி குத்தினாள்.

"மெஷின்ல கோளாறா?" என்றார் பெருந்தன்மையாக.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு. நீங்க ஆறு பவுண்டு ஏறியிருக்கீங்க. மூணு மாசச் சர்க்கரையும் ஏறியிருக்கு. வீட்டுல என்னதான் சாப்பிடுறீங்க?"

"வீட்டுல நான் எதுவுமே சாப்பிடுறதில்லையே!" என்றார் எவரார்தோ. அது சத்தியம்.

அடுத்து ருத்திலியோ. கண்ணை மூடிக்கொண்டு, சிலுவை போட்டுக்கொண்டு விரலை நீட்டினார். மாரிசெலா சீட்டைப் பார்த்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டாள்.

"சொல்லிரும்மா. எவ்வளவு நாள்?"

"இன்னும் முப்பது வருஷம் இருப்பீங்க போல. சர்க்கரை சரியான அளவுல இருக்கு, ரத்த அழுத்தம் பையன் மாதிரி. என்ன பண்ணுனீங்க?"

"தின்னேன்," என்றார் ருத்திலியோ திகைப்போடு. "நல்லாத் தின்னேன்."

எவரார்தோ இரண்டு சீட்டையும் கையில் வைத்துக்கொண்டு மாறி மாறிப் பார்த்தார். பெயர் மாறிவிட்டதா என்றும் பார்த்தார். மாறவில்லை.

அப்போதுதான் முன்வரிசையில் ஒரு நீலப்பூச் சட்டை அவர் கண்ணில் பட்டது. தெல்ஃபினாவின் ஞாயிற்றுக்கிழமைச் சட்டை. உள்ளே தெல்ஃபினா.

"போச்சு! கண்டுபிடிச்சுட்டா. பின்னாலேயே வந்திருக்கா," என்று கிசுகிசுத்தபடி ருத்திலியோவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தார். மூன்று மாதத்துக்கு முன் என்றால் முழுசாக மறைந்திருக்கலாம். இப்போது இரண்டு பக்கமும் தெரிந்தது.

தெல்ஃபினா திரும்பிப் பார்க்கவில்லை. மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கைக்குட்டையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். காலை வகுப்பை நடத்தும் நர்ஸ் மைக்கைத் தட்டினாள்.

"காலை வகுப்புல முதல் பரிசு நம்ம தெல்ஃபினாவுக்கு! தெரிஞ்சா வீட்டுக்காரர் தொடமாட்டாருன்னு பயந்து பயந்தே பன்னெண்டு வாரமா ஒரு சொட்டுக் கொழுப்பு இல்லாம சமைச்சுப் போட்டிருக்காங்க, அவரும் தினம் ரெண்டு தட்டை வழிச்சுச் சாப்பிட்டிருக்காராம். எங்க, அந்த நல்ல மனுஷர் கொஞ்சம் எழுந்து நில்லுங்க!"