ஒற்றைப்பனைத் திருப்பத்துப் பள்ளம்

சமதளபுரி என்றொரு நாடு. எந்த வரைபடத்திலும் தேட வேண்டாம், கிடைக்காது. கிடைத்தாலும் போய்ச்சேர முடியாது, சாலை அந்த லட்சணம். நாட்டுக்குப் பேர் வைத்த மகராசன் நல்ல குசும்புக்காரனாக இருந்திருக்க வேண்டும். ஒரு காத தூரத்துக்கு நூற்றுப் பதினேழு பள்ளம். அதிலும் ஒற்றைப்பனைத் திருப்பத்தில் இருந்த பள்ளத்துக்குள் எருமை நின்றால் கொம்பு மட்டும்தான் வெளியே தெரியும்.

அந்தச் சாலையில் முப்பது வருஷமாக மாட்டுவண்டி ஓட்டுகிறவன் கொளஞ்சி. ஆள் ஒல்லி, வாய் கொஞ்சம் நீளம். அவனுடைய ஒரே மகள் செங்கமலம் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். மருத்துவச்சி வீடோ தலைநகரத்தில். ஒற்றைப்பனைத் திருப்பத்தைத் தாண்டாமல் அங்கே போக முடியாது. போன வருஷம் நிறைமாதப் பெண்ணை ஏற்றிப்போன ஒரு வண்டி அந்தப் பள்ளத்தில்தான் குடைசாய்ந்தது. தாயும் பிழைக்கவில்லை, பிள்ளையும் பிழைக்கவில்லை. மகளுக்கு வலி எடுப்பதற்குள் அந்தப் பள்ளத்தை மூடியாக வேண்டும். கொளஞ்சி அரசவைக்கு மனு எழுதிப் போட்டான்.

மன்னர் இடறாப் பெருவேந்தர் பிறந்தது முதல் பல்லக்கிலேயே போகிறவர். பள்ளம் என்ற சொல்லே அவருக்குப் புதிது.

"வண்டிகள் ஏன் கவிழ்கின்றன?" என்று கேட்டார்.

சாலை அமைச்சர் மார்க்கசிகாமணி எழுந்தார். அப்போதுதான் கடல்கடந்த தேசங்களைச் சுற்றிவிட்டு வந்திருந்தார், கழுத்தில் போட்ட மாலைகூட வாடவில்லை. "மன்னா, குற்றம் சாலையிலும் இல்லை, வண்டியிலும் இல்லை. இரண்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அதுதான் குற்றம். பள்ளம், தான் இருப்பதை வண்டிக்குச் சொல்வதில்லை. வண்டியும், தான் வருவதைப் பள்ளத்துக்குச் சொல்வதில்லை. அந்நிய தேசத்தில் சாலையும் வண்டியும் கம்பியே இல்லாமல் காற்றிலேயே பேசிக்கொள்கின்றன."

"அப்படியா! என்ன பேசுகின்றன?"

"நலம் விசாரித்துக்கொள்கின்றன, மன்னா."

மன்னர் உருகிப்போனார். ஒவ்வொரு பள்ளத்தின் ஓரத்திலும் ஒரு பேசும் கல் நட வேண்டும், ஒவ்வொரு வண்டியிலும் ஒரு காதுப்பெட்டி கட்ட வேண்டும், பெட்டி இல்லாத வண்டி சாலையில் கால் வைக்கக் கூடாது என்று உத்தரவு பறந்தது. கல் காற்றில் சொல்வதைப் பெட்டி வாங்கி வண்டிக்காரனுக்குச் சொல்லும். பெட்டிக்குள் என்ன இருந்தது என்று என்னைக் கேட்காதீர்கள், அமைச்சரைக் கேட்டாலும் தெரியாது. அரசாங்கக் கல்லைத் தரையில் நடுவது மரியாதை இல்லை என்பதால் அதற்கு உயரமாக ஒரு மேடை கட்டினார்கள். மேடைக்கு மண் வேண்டுமே? பக்கத்திலேயே பள்ளம் இருக்க வேறெங்கே போவானேன் என்று அதிலேயே வெட்டி எடுத்துக்கொண்டார்கள். மேடை பாதி வழியை அடைத்துக்கொண்டது.

பொய் சொல்லக் கூடாது, முதல் பத்து நாள் சங்கதி ஜோராகத்தான் நடந்தது. "இருபது அடியில் பள்ளம். நிதானம்" என்று பெட்டி சொல்லும். கொளஞ்சி மாட்டை இழுத்துப் பிடிப்பான். போகிற போக்கில் கல்லுக்கு ஒரு கும்பிடு கூடப் போட்டான்.

பதினோராம் நாள் அரண்மனை மரியாதை இலாகா விழித்துக்கொண்டது. அரசாங்கக் கல் எடுத்த எடுப்பிலேயே பள்ளம் என்று அபசகுனமாகப் பேசலாமா? முதலில் மன்னர் புகழ், பிறகுதான் மற்றதெல்லாம் என்று சட்டம் வந்தது. அன்று முதல் பெட்டி, "எண்டிசையும் வென்ற, இமயமும் வணங்கும், ஏழைகளின் எழுஞாயிறு, இடறாப் பெருவேந்தர் வழங்கும்..." என்று தொடங்கி, பதினெட்டுப் பட்டங்களையும் நிறுத்தி நிதானமாகச் சொல்லி முடிக்கும்போது வண்டி பள்ளத்துக்குள் கிடக்கும். அப்புறம்தான் "நிதானம்" என்று வரும்.

அடுத்து, வண்டியும் வண்டியும்கூடப் பேசிக்கொள்ள வேண்டும் என்றார்கள். எதிரெதிரே வந்த இரண்டு பெட்டிகள் "தாங்கள் முதலில்", "இல்லை, தாங்கள் முதலில்" என்று உபசாரம் செய்து முடிப்பதற்குள், முன்வண்டி வைக்கோலை எதிர்வண்டி மாடு பாதி தின்றுவிடும்.

கொளஞ்சி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தான். செங்கமலத்துக்கு ஒன்பது மாதம் முடிந்திருந்தது. இனி எந்தக் கல்லையும் நம்பிப் பிரயோசனமில்லை என்று, மனைவி உண்ணாமலையைக் கூட்டிக்கொண்டு மூன்று நாள் முதுகொடிய வேலை செய்தான். சரளை கொட்டினான், செம்மண் போட்டான், தண்ணீர் தெளித்து இடித்துக் கெட்டிப்படுத்தினான். கடைசியில் உண்ணாமலையை வண்டியில் ஏற்றி, மடியில் ஒரு குடம் தண்ணீரை வைத்துவிட்டு, அதன்மேல் ஓட்டிப் பார்த்தான். ஒரு சொட்டு சிந்தவில்லை. அன்றைக்குத்தான் மனிதன் நிம்மதியாகச் சாப்பிட்டான்.

மறுநாளே கல் ஆய்வாளர் வைரவநாதர் வந்து நின்றார்.

"யோவ், இங்க இருந்த பள்ளம் எங்கய்யா?"

"மூடிட்டேனுங்க."

"யாரைக் கேட்டு மூடினே?"

"யாரைக் கேக்கணுமுங்க? பள்ளத்தையா?"

"வாயைக் குறை. கல்லு என்ன சொல்லுது, கேளு."

இருவரும் வண்டிப் பெட்டியில் பதினெட்டுப் பட்டங்களையும் கைகட்டிக் கேட்டார்கள். முடிவில், "இருபது அடியில் பள்ளம். நிதானம்" என்றது கல்.

"அரசாங்கக் கல்லு பள்ளம் இருக்குங்குது. நீ இல்லேங்கறே. அப்ப அரசாங்கம் பொய் சொல்லுதா?"

கொளஞ்சி கையெடுத்துக் கும்பிட்டான். "கல்லை மாத்திச் சொல்லச் சொல்லலாமேங்க ஐயா."

"கல்லு ஒரு வார்த்தை மாறணும்னா ஏழு இலாகா கூடணும். பள்ளத்துக்கு ஒரு மண்வெட்டி போதும். எது சுளுவு, நீயே சொல்லு."

"ஐயா, எம் பொண்ணு நிறைமாசமுங்க. இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்குதுங்க."

"அப்ப சீக்கிரமாத் தோண்டு."

பழைய பள்ளத்தின் ஆழம் எந்த ஏட்டிலும் இல்லை. வைரவநாதர் யோசித்தார். "குறைஞ்சா என் உத்தியோகம் போயிடும். கூடினா ஒருத்தனும் கேக்க மாட்டான். இன்னும் ஒரு முழம் வெட்டு" என்றார். தன் கையால் நிரப்பிய மண்ணைத் தன் கையாலேயே வாரிக் கொட்டினான் கொளஞ்சி. மகளுக்குத்தானே குழி தோண்டுகிறோம் என்று அவன் மனசு அடித்துக்கொண்டது.

தோண்டி முடித்த இரண்டாம் நாள் காலையில் செங்கமலத்துக்கு வலி கண்டது. வண்டியில் வைக்கோலைப் பரப்பி அவளைக் கிடத்தி, உண்ணாமலையைப் பக்கத்தில் உட்காரவைத்து, கொளஞ்சி மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தே போனான். திருப்பம் வந்ததும் ஓரமாக ஒதுக்கப் பார்த்தான். ஓரத்தில்தான் கல்லுக்கு மேடை கட்டியிருக்கிறார்களே, எங்கே ஒதுங்குவது? மேடையில் உரசிய சக்கரம் ஈர மண்ணில் வழுக்கியது. நல்லவேளை, குடைசாயவில்லை. வண்டி அப்படியே சறுக்கிக்கொண்டு உள்ளே இறங்கி, அடியில் போய் நின்றது.

"எண்டிசையும் வென்ற..." என்று ஆரம்பித்தது பெட்டி.

"ஐயோ, ஏங்க! தலை தெரியுதுங்க!" என்று அலறினாள் உண்ணாமலை.

"இமயமும் வணங்கும்..."

"யப்பா, முதல்ல அந்தக் கல்லை வாயை மூடச் சொல்லுப்பா!" என்று செங்கமலம் போட்ட கூச்சலில் மாடே மிரண்டது.

பன்னிரண்டாம் பட்டத்தில் குழந்தை பிறந்தது. பெண் குழந்தை. "நிதானம்" என்று பெட்டி சொன்னபோது அது வீறிட்டு அழுதது. தாயும் சுகம், சேயும் சுகம். கொளஞ்சி பள்ளத்துச் சுவரில் சாய்ந்து, சிரிக்கிறானா அழுகிறானா என்று தெரியாமல் நின்றான். உயிர் திரும்பி வந்தது போலிருந்தது அவனுக்கு.

அதற்குள் வைரவநாதர் ஏட்டோடு ஓடிவந்தார். கல் நட்ட நாளிலிருந்து நாட்டில் விபத்தே இல்லை என்று அரண்மனை அறிவித்திருந்தது. இல்லாத ஒன்றை எப்படி எழுதுவது? தலையைச் சொறிந்துகொண்டு, 'சாலைப் பிரசவம் ஒன்று, சுபம்' என்று எழுதினார். அந்த ஓலை படிப்படியாக மேலே ஏற ஏற ஊதிப் பெருத்து, மன்னர் கைக்குப் போனபோது இப்படி இருந்தது: 'கல்லும் பெட்டியும் கலந்து பேசியதன் பயனாக, கர்ப்பிணியின் வண்டி தானாகவே பாதுகாப்பான தாழ்விடத்தில் இறங்கி, காற்றுப் படாமல் சுகப்பிரசவம் நிகழ்ந்தது.'

மன்னர் பூரித்துப்போனார். ஒற்றைப்பனைத் திருப்பத்துப் பள்ளம் அன்று முதல் அரசு பிரசவ ஆஸ்பத்திரி என்று பிரகடனமானது. திறப்பு விழாவுக்கு நாடே திரண்டது. பள்ளத்தைச் சுற்றி வாழைமரம், தோரணம். குறுக்கே ஒரு பட்டு ரிப்பன். பேத்தியைக் கையில் கொடுத்துக் கொளஞ்சியை விழா மேடையில் நிறுத்தினார்கள்.

"குடிமகனே, உன்னால் நாட்டுக்கே பெருமை. என்ன வேண்டும், கேள்" என்றார் மன்னர்.

கொளஞ்சி மடமடவென்று சொன்னான். "சாமி, எனக்கு ஒண்ணும் வேண்டாமுங்க. இந்தப் பள்ளத்தை மூடிருங்க, போதும்."

மன்னர் திரும்பி அமைச்சர்களைப் பார்த்தார். மார்க்கசிகாமணி மட்டும் பதறவில்லை. மேடையின் விளிம்புக்கு வந்து, மிகுந்த துக்கத்தோடு ஜனங்களைப் பார்த்துச் சொன்னார்: "பெருமக்களே, ஆஸ்பத்திரியை மூட வேண்டும் என்கிறார் இவர்."

ஒரே கூச்சல். துரோகி என்றான் ஒருவன். எதிரி நாட்டு ஆள் என்றான் இன்னொருவன். செங்கமலம் தந்தையை மறைத்துக்கொண்டு முன்னால் வந்து, "உள்ள கிடந்து பெத்தவ நானு, எங்கிட்டக் கேளுங்க!" என்று கத்தினாள். அவள் குரல் யார் காதிலும் ஏறவில்லை. நிறைமாத மருமகளைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்திருந்த ஒரு பெரியவர், கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடைக்கு முன்னால் வந்து நின்றார். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது அவருக்கு.

"ஏய்யா, உம் பொண்ணு மட்டும் சுகமாப் பெத்துக்கணும், எங்க வீட்டுப் பொண்ணுங்க பெத்துக்கக் கூடாதா?"

கொளஞ்சி பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் மன்னர் ரிப்பனை வெட்டிவிட்டார். பெரியவர் மருமகளைக் கைத்தாங்கலாகப் பள்ளத்துக்குள் இறக்கத் தொடங்கினார். அவருக்குப் பின்னால் நாற்பது, ஐம்பது கர்ப்பிணிகள், இடித்துத் தள்ளாமல், ஒழுங்காக வரிசையில் நின்றார்கள்.